பாய்மரப் படகில் கரண்ட் மோட்டார்: காசை எங்கே போடுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார், மில் மோட்டார், மாவரைக்கிற மோட்டார் என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் கொச்சியில் வேலை பார்க்கும் என் மச்சினன், நண்பர்கள் இரண்டு பேரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய 24 அடி பாய்மரப் படகை வாங்கினான். அதிலிருந்த 10 எச்.பி. டீசல் எஞ்சின் உப்பேறி இறுகிக் கிடந்தது. "மாமா, நீங்கதான் மோட்டார்காரராச்சே, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றான். பண்ணினோம், தப்பும் பண்ணினோம், திருத்தியும் பண்ணினோம். அதைக் கேள்விப்பட்டு இப்போது கொச்சி, பாண்டிச்சேரி, சென்னை பக்கமிருந்து போன் வருகிறது, கேட்கிற கேள்வி மட்டும் மாறுவதே இல்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

கொங்கு நாட்டில் கடலே கிடையாது, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?

வீட்டிலும் இதே கேள்விதான். பவானிசாகரிலும் மேட்டூரிலும் பரிசல் போகும், பாய்மரத்துக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் படகுக்குள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் நம்ம ஊர் சாமான். மோட்டார், ஷாஃப்ட், பேரிங், புஷ், கன்மெட்டல் வார்ப்பு. 1932-ல் பைக்காராவில் இருந்து கரண்ட் வந்ததில் இருந்து இந்த ஊர் செய்துகொண்டிருப்பது இதைத்தான். பம்ப்பில் இருக்கிற இம்பெல்லரைக் கூட்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் விட்டால் அது தூரத்துச் சொந்தமாகப் புரொப்பெல்லர் ஆகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வண்டியை விட்டால் நாலு மணி நேரத்தில் கொச்சி. நம்மால் பார்க்க முடியாத வேலையா இது?

எஃபிஷியன்சி அதிகமான மோட்டாரைத்தானே வாங்க வேண்டும்? 92 சதவீதம் இருக்கிறது, விலைதான் இரண்டு மடங்கு என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். நம்ம ஊரில் மோட்டாரின் எஃபிஷியன்சியை (இழுக்கிற கரண்டில் எத்தனை பங்கு வேலையாக மாறுகிறது என்பதை) இரண்டு விதமாகத்தான் பார்த்துப் பழக்கம். தோட்டத்துக்கு கரண்ட் இலவசம், அதனால் பம்ப் எவ்வளவு குடித்தாலும் கவலை இல்லை, தண்ணீர் வந்தால் சரி. பட்டறைக்கும் மில்லுக்கும் கரண்ட் பில் வரும், அதனால் ஸ்டார் பார்த்து வாங்குவோம். படகில் இந்த இரண்டு கணக்கும் செல்லாது. அங்கே கரண்ட் மலிவு. 5 யூனிட் பேட்டரியை நிரப்ப ஐம்பது ரூபாய் சுற்றித்தான் ஆகும். அந்த 5 யூனிட்டைச் சுமந்துகொண்டு போக வாங்குகிற பேட்டரிதான் விலை.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். லித்தியம் பேட்டரி ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (உங்களுக்குக் கிடைத்த விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). 85 சதவீத மோட்டாரை எடுத்துவிட்டு 92 சதவீத மோட்டாரை வைத்தால் அதே வேலைக்கு ஏறக்குறைய 7.5 சதவீதம் குறைவான கரண்ட் போதும். 5 யூனிட் பேட்டரியில் அது 0.38 யூனிட். ரூபாயில் 5,700. அவ்வளவுதான் அந்த உசத்தி மோட்டாரின் பெறுமானம்! அதற்கு 40,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அரை யூனிட் பேட்டரியை எச்சாக வாங்கிப் போடுங்கள், மிச்சக் காசில் பாயைத் தைத்துக்கொள்ளலாம்.

ஆனால் 20 யூனிட் பேட்டரி வைக்கிற பெரிய படகுக்காரருக்கு அதே 7.5 சதவீதம் 1.5 யூனிட், 22,500 ரூபாய். அவர் யோசிக்கலாம். 40 யூனிட் வைப்பவர் யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடலாம். அதாவது நல்ல மோட்டாரா, சாதா மோட்டாரா என்று என்னைக் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, பேட்டரி எத்தனை யூனிட் என்றுதான்.

அப்போ கரண்ட் எங்கேதான் வீணாகிறது?

பேட்டரியில் இருந்து 100 வாட் கிளம்புகிறது என்று வையுங்கள். ஒயரில் இரண்டு போகும். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலரில் நாலு. சுமாரான மோட்டாரில் பன்னிரண்டு பதின்மூன்று. பெல்ட் வைத்துச் சுற்றைக் குறைத்தால் அதில் மூன்று நாலு. ஷாஃப்டுக்கு வந்து சேரும்போது 78 வாட் மிச்சம் இருக்கும். இதுவரை பரவாயில்லை. அப்புறம் புரொப்பெல்லர். சின்னதாக, வேகமாகச் சுற்றுகிற புரொப்பெல்லர் அந்த 78-ல் பாதிக்கு மேல் தண்ணீரைக் கலக்குவதிலேயே விட்டுவிடும், படகைத் தள்ளுவது 30, 35 வாட்தான். எல்லோரும் மோட்டாரில் 5 சதவீதத்துக்கு மல்லுக்கட்டுகிறார்கள், பின்னால் தண்ணீருக்குள்ளே பாதி போய்க்கொண்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கேட்பதில்லை.

புரொப்பெல்லரில் அப்படி என்ன இருக்கிறது?

கொஞ்சம் தண்ணீரை வேகமாகப் பின்னால் பீய்ச்சுவதை விட, நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது சிக்கனம். அதனால் புரொப்பெல்லர் படகு இடம் கொடுக்கிற அளவுக்குப் பெரிதாக, சுற்று குறைவாக இருக்க வேண்டும். நாங்கள் முதலில் செய்தது இதற்கு நேர் எதிர். கையில் 9 அங்குலப் புரொப்பெல்லர் ஒன்று இருந்தது, மோட்டாரை நேராக ஷாஃப்டில் மாட்டிவிட்டோம், 2,400 சுற்று. படகு நகர்ந்தது, மச்சினன் கைதட்டினான், எனக்கும் பெருமைதான். கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தால் 4 நாட் (மணிக்கு ஏழு கிலோமீட்டர் சுற்றி) வேகத்துக்கு 1,600 வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் ஊருக்கு வந்து இரண்டு வேலை செய்தோம். மில்லில் ஓடுகிற மாதிரிப் பல் பெல்ட் போட்டு 2.5-க்கு 1 என்று சுற்றைக் குறைத்தோம். பழைய சாமான் கடையில் 13 அங்குலத்தில் மூன்று இறக்கை வெண்கலப் புரொப்பெல்லர் ஒன்று கிடைத்தது, ஒரு இறக்கையின் நுனி கடித்து எடுத்த மாதிரி இருந்தது. பக்கத்து லேத் பட்டறைப் பெரியவர் அதை வெல்டு வைத்து நிரப்பி, அரத்தால் ராவி, இரண்டு கத்தி முனை மேலே ஷாஃப்டோடு உருட்டிவிட்டார். கனமான இறக்கை கீழே வந்து நிற்கும். அதைத் துளி ராவுவார், மறுபடி உருட்டுவார். நுனியில் வைத்து ராவக் கூடாது, முதுகுப் பக்கம்தான் ராவ வேண்டும் என்று எனக்குப் பாடம் வேறு. ஒரு சாயங்காலம் முழுக்க அதற்கே போனது. கடைசியில் எந்த இறக்கையும் கீழே வராமல் விட்ட இடத்திலேயே நின்றது. மாட்டிப் பார்த்தோம். அதே 4 நாட், 1,100 வாட். மோட்டார் அதேதான், பேட்டரி அதேதான். மூன்றில் ஒரு பங்கு கரண்ட் மிச்சம். பெல்ட், புல்லி, புரொப்பெல்லர் எல்லாம் சேர்த்து 17,500 ரூபாய். எந்த மோட்டார் கடையிலும் இந்தக் காசுக்கு இந்த லாபம் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. புரொப்பெல்லர் நுனிக்கும் படகின் அடிக்கும் நடுவே இடைவெளி வேண்டும், விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது. ஆசைப்பட்டு அதற்கு மேல் பெரிதாகப் போட்டால் படகே தடதடவென்று அதிரும்.

எவ்வளவு வேகம் போகலாம்?

24 அடிப் படகில் தண்ணீரைத் தொடுகிற நீளம் 20 அடி இருக்கும். அந்த அடியின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வருவது 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். கனமான பாய்மரப் படகுக்கு ஏறக்குறைய அதுதான் எல்லை. அதற்கு மேல் போனால் தானே எழுப்பிய அலையில் தானே ஏற முயற்சி செய்யும், எவ்வளவு எச்.பி. கொடுத்தாலும் விழுங்கிவிடும்.

அந்த எல்லைக்குள்ளேயும் வேகத்துக்கும் கரண்டுக்கும் இருக்கிற உறவு கொடூரமானது. பம்ப்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி: சுற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் பம்ப் இழுக்கிற கரண்ட் பாதியாகிவிடும். படகும் ஏறக்குறைய அப்படித்தான். எங்கள் படகில் 3 நாட்டுக்கு 450 வாட், 4 நாட்டுக்கு 1,100, 5 நாட்டுக்கு 2,500. கைப்பிடியை விரல் அகலம் பின்னால் இழுப்பதற்குக் காசு கிடையாது. அது கொடுக்கிற மிச்சத்தை எந்த மோட்டாரும் கொடுக்காது.

சரி, ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம்?

எங்களுடையது 51.2 வோல்ட், 100 ஆம்ப் அவர். 5.12 யூனிட். கடைசி வரை உறிஞ்சாமல் 4.1 யூனிட் என்று கணக்கு வைத்தால், 5 நாட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம், 8 கடல் மைல். 4 நாட்டில் 15. 3 நாட்டில் 27. ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர். இது காற்றும் நீரோட்டமும் இல்லாத நாளில், அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாத படகில். எதிர்க்காற்று 15 நாட் அடித்தால் இந்தக் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் அடியைச் சுரண்டாமல் விட்டால் இன்னும் கழியும். சுரண்டுவதற்கு ஆள் கூலிதான், அதையும் எஃபிஷியன்சி செலவில்தான் நான் எழுதுவேன்.

10 எச்.பி. டீசலை எடுத்துவிட்டு 3 கிலோவாட் மோட்டாரா? இழுக்குமா?

10 எச்.பி. என்றால் 7.5 கிலோவாட். அந்த டீசலும் முழு சுற்றில் ஓடினால்தான் 7.5, துறைமுகத்துக்குள் பாதி கூட யாரும் எடுப்பதில்லை. அமைதியான தண்ணீரில் 3 கிலோவாட் தாராளம். அதோடு மோட்டார் நின்ற இடத்தில் இருந்தே முழு முறுக்கு கொடுக்கும், ஜெட்டியில் (படகுத் துறையில்) ஒட்டும்போது ரொம்ப சௌகரியம்.

ஆனால் "கரண்ட் எச்.பி. டீசல் எச்.பி.யை விட மூன்று மடங்கு பலசாலி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிலோவாட் எங்கே இருந்து வந்தாலும் கிலோவாட்தான். புயல் காற்றுக்கு எதிரே முக்கி முக்கிப் போக வேண்டிய இடத்தில் 3 கிலோவாட் திணறும். எங்கள் படகு காயலிலும் கொச்சித் துறைமுக வாயைச் சுற்றியும்தான் ஓடுகிறது, அதனால் போதுகிறது. பருவமழைக் காலத்தில் வெளியே போகிற ஆளாக இருந்தால் நான் 6 கிலோவாட்டுக்குக் குறைய வைக்கச் சொல்ல மாட்டேன்.

பேட்டரி ஆட்டோவின் மோட்டாரைப் போடலாமா? மலிவாகக் கிடைக்கிறதே.

போட்டோம். இப்போதும் அதுதான் ஓடுகிறது. 48 வோல்ட், 3 கிலோவாட், பழையது, 12,000 ரூபாய். வைண்டிங்கை நானே வார்னிஷில் இரண்டாவது தடவை முக்கி எடுத்துக் காயவைத்தேன். பேரிங்கை இரண்டு பக்கமும் ரப்பர் மூடியிட்டதாக மாற்றினேன். அந்த மட்டில் சரி.

கோட்டை விட்டது எங்கே என்றால், மோட்டார் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்கிற ஹால் சென்சாரின் கனெக்டரில். சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக், ஐந்து ஒயர். ஆட்டோவில் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டேன், என் தப்புதான், யாரையும் சொல்லிப் பிரயோஜனமில்லை. முதல் மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெட்டிக்கு இருபது அடி இருக்கும்போது மோட்டார் டொக் டொக்கென்று உதறிவிட்டு நின்றுபோனது. காற்றே இல்லை, பாயை ஏற்றியும் பிரயோஜனம் இல்லை. வடிகிற நீர் படகை மெதுவாக வெளியே இழுக்கிறது. மச்சினன் நங்கூரத்தைப் போட்டான், நான் அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கனெக்டரைப் பிடித்து இழுத்ததும் பின் ஒன்று பச்சை பூத்து, மாவு மாதிரி கையோடு வந்துவிட்டது. கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு ஐந்து ஒயரையும் முறுக்கி டேப் சுற்றித்தான் கரை சேர்ந்தோம். இப்போது சாலிடர் வைத்து, பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு, மேலே கிரீஸ். மலிவு மோட்டாரைப் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள், ஆனால் மிச்சம் பிடித்த காசில் ஒரு பங்கை உப்புக்கு எதிராகச் செலவு செய்யுங்கள். கன்ட்ரோலரையும் அடியில் மாட்டாதீர்கள், தண்ணீர் தேங்காத உயரத்தில், அலுமினியத் தகட்டோடு.

பேட்டரி: டியூபுலரா, லித்தியமா?

வீட்டு இன்வெர்ட்டர் டியூபுலர் நாலு போட்டால் 48 வோல்ட் ஆச்சு என்று பலரும் ஆரம்பிக்கிறார்கள். நாலு 150 ஆம்ப் பேட்டரி 60,000 ரூபாய் சுற்றி வரும், பெயரளவில் 7.2 யூனிட். ஆனால் அந்த 150 என்பது இருபது மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. இரண்டு மணி நேரத்தில் இறக்கினால் அவ்வளவு தராது, முழுக்க இறக்கினால் ஆயுசும் போய்விடும். கையில் நிற்பது 3 யூனிட் என்று வையுங்கள். லித்தியத்தில் 5 யூனிட்டுக்கு 78,000 கொடுத்தோம், 4 யூனிட் பயமில்லாமல் எடுக்கலாம். உபயோகமாகும் யூனிட்டுக்குப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான்.

எடை? டியூபுலர் நாலும் 200 கிலோவைத் தாண்டும், லித்தியம் 50 கிலோ. இதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள், பாய்மரப் படகில் அப்படிப் பெரிய குறை இல்லை, அடியில் எப்படியும் பாரம் வைக்கத்தான் வேண்டும். உண்மையான சிக்கல் வேறே. பாய் விரித்தால் படகு சாயும். இருபது இருபத்தைந்து டிகிரி சாய்வது சாதாரணம். தண்ணீர் ஊற்றுகிற டியூபுலர் பேட்டரி அப்படிச் சாய்ந்தால் மூடி வழியாக ஆசிட் வெளியே வரும். அந்த ஒரு காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

லித்தியத்திலும் ஆட்டோ, படகு மாதிரி வேலைக்கு இரும்பு பாஸ்பேட் வகைதான், மற்றதை விட தீப்பிடிக்கிற பயம் குறைவு. அதில் உள்ள, பேட்டரிக்குக் காவலாக இருக்கிற பி.எம்.எஸ். போர்டு, கரண்ட் அளவு மீறினால் சொல்லாமல் கொள்ளாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். நடுத் துறைமுகத்தில் அப்படி ஆனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கன்ட்ரோலரின் உச்ச ஆம்ப்பை பி.எம்.எஸ். எல்லைக்குக் கீழே அமைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும்.

ஏன் 48 வோல்ட்? 24 போதாதா, 72 நல்லதில்லையா?

3 கிலோவாட்டுக்கு 24 வோல்ட்டில் 125 ஆம்ப் ஓடும், 48-ல் 62. ஆம்ப் பாதியானால் ஒயர் சூடு நாலில் ஒன்று. 72 இன்னும் நல்லதுதான், ஆனால் ஈரக் கையோடு வேலை செய்கிற இடத்தில் 60 வோல்ட் டி.சி.க்கு மேலே போக எனக்கு மனசில்லை. ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம்: போக வர 6 மீட்டருக்கு 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் 40 வாட் ஒயரிலேயே போகும், தொட்டால் சுடும், 35 போட்டால் 11 வாட். பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே ஃபியூஸ் வேண்டும். இதில் பேரம் கிடையாது.

சோலார் போட்டால் முடிந்ததா?

வாரம் ஒரு நாள் படகு எடுப்பவருக்கு, ஆமாம், கிட்டத்தட்ட முடிந்தது. 200 வாட் பேனல் இரண்டு படுத்த வாக்கில் இருந்தாலும், பாய்மரத்தின் நிழல் ஒரு கோடு மாதிரி விழுந்து கெடுத்தாலும், நாளுக்கு 1 யூனிட்டாவது வரும். திங்கள் முதல் சனி வரை படகு சும்மா நிற்கிறது, 5 யூனிட் நிரம்பிவிடுகிறது. ஜெட்டியில் கரண்ட் கேட்டு யாரிடமும் நிற்க வேண்டியதில்லை.

ஓடும்போதே சோலாரில் ஓட்டலாமா என்றால், 400 வாட் பேனல் உச்சி வெயிலில் 300 கொடுத்தால் 2.5 நாட் வேகம் கிடைக்கும். வைக்கத்தில் 2017 ஜனவரியில் இருந்து ஓடுகிற ஆதித்யா என்ற சோலார் படகைப் பாருங்கள், 75 பேர் ஏறலாம், கூரை முழுக்கப் பேனல். 20 மீட்டர் நீளம், ஒல்லியான இரட்டை அடிப்பாகம், மெதுவான வேகம். அவர்களும் முதலில் படகின் உருவத்தில்தான் கரண்டை மிச்சம் பிடித்தார்கள். கூரையே இல்லாத பாய்மரப் படகில் அந்த மாதிரி எதிர்பார்க்கக் கூடாது.

பாயில் போகும்போது புரொப்பெல்லர் சுற்றி பேட்டரி ஏறுமாமே?

ஏறும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை பார்த்து வளர்ந்த ஆட்களுக்கு இதில் தனி ஆசை, எனக்கும் இருந்தது. எங்கள் அளவுப் படகில் 5 நாட் வேகத்தில் 100 வாட் தாண்டினால் பெரிய விஷயம். அதுவும் சும்மா வராது, படகின் வேகத்தில் இருந்து அரை நாட் பிடித்துக்கொள்ளும். நாலு மணி நேரம் பாய் ஓட்டினால் 400 வாட் அவர், திரும்பி மோட்டாரில் ஒன்றரை கடல் மைல். வாரக்கணக்கில் கடலிலேயே இருக்கிற பெரிய படகுக்கு அது அர்த்தமுள்ளது. நமக்கு அதற்கென்று கூடுதல் விலையில் கன்ட்ரோலர் வாங்குவது வீண். அதே காசுக்கு இன்னொரு பேனல்.

பாய் விரித்துப் போகும்போது பெரிய புரொப்பெல்லர் இழுக்காதா?

இழுக்கும், இது நல்ல கேள்வி, போனில் கேட்பவர்களில் பத்தில் ஒருவர்தான் கேட்கிறார். மோட்டாரில் போகும்போது எது லாபமோ அதுவே பாயில் போகும்போது பாரம். மூன்று இறக்கையை நிறுத்திப் பிடித்துக்கொண்டு போனால் அரை நாட்டுக்கு மேல் வேகம் போகும். மடங்கும் இறக்கை உள்ள புரொப்பெல்லர் இருக்கிறது, விலை எங்கள் மோட்டாரைப் போலப் பல மடங்கு. நாங்கள் செய்தது, கன்ட்ரோலரில் கைப்பிடியை மிக லேசாகத் தள்ளி 40, 50 வாட்டில் புரொப்பெல்லரைச் சும்மா சுற்றவிடுவது. இழுவை போய்விடுகிறது. நாள் முழுக்கப் போனாலும் அரை யூனிட்தான் செலவு. பந்தயத்துக்குப் போகிறவர் என்றால் மடங்குவதை வாங்கிவிடுங்கள், வேறு பேச்சில்லை.

கடைசியாக, டீசலை விட இது லாபமா?

காசுக் கணக்கில் மட்டும் பார்த்தால், ஓடுகிற டீசல் எஞ்சின் இருக்கும்போது, இல்லை. வருடத்துக்கு 50 மணி நேரம் எஞ்சின் ஓட்டுகிறீர்கள், மணிக்கு ஒன்றரை லிட்டர், 75 லிட்டர், லிட்டர் 90 ரூபாய்க்கு மேல், ஆக 7,000 ரூபாய் சுற்றி. ஆயில், ஃபில்டர், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்தாலும் பேட்டரி விலையை எடுக்கப் பத்து வருடம் ஆகும். நல்ல எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு இதைப் போட வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எஞ்சின் செத்துப்போன படகு வேறு கதை. எங்கள் செலவைச் சொல்கிறேன்: மோட்டார் 12,000, கன்ட்ரோலர் 9,000, பெல்ட் புல்லி பிராக்கெட் 11,000, புரொப்பெல்லர் 6,500, ஒயர் ஃபியூஸ் சுவிட்ச் 14,000, பேட்டரி 78,000, சார்ஜர் 9,000, பேனலும் அதன் கன்ட்ரோலரும் 22,000. மொத்தம் 1,61,500. என் கூலி இதில் இல்லை, மச்சினனிடம் எப்படிக் கேட்பது. பாதிக்கு மேல் பேட்டரியும் சார்ஜருமே என்பதைக் கவனியுங்கள். கடலுக்கான புது டீசல் எஞ்சின் இந்தக் காசுக்கு வராது.

ரெடிமேட் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டுகிற மோட்டார்) வாங்கினால் இந்த வேலையெல்லாம் மிச்சம்தானே?

மிச்சம்தான். 2005-ல் ஜெர்மனியில் தொடங்கிய டார்க்கீடோ, 2024-ல் யமஹாவின் கைக்குப் போனது, இந்த வகையில் பிரபலம். அவர்களிடம் எனக்குப் பிடித்தது, மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்பதோடு தண்ணீருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதையும் தனியாகப் போடுவார்கள். 1 கிலோவாட் வகை ஒன்றில் அது 480 வாட் என்று போட்டிருந்தார்கள். அவ்வளவு செதுக்கிச் செய்ததிலேயே பாதி போகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னப் படகு, கையோடு கழற்றிக்கொண்டு போக வேண்டும் என்றால் அதுவே நல்லது. வேறு யார் விற்றாலும் தண்ணீருக்குப் போகிற வாட் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஜெனரேட்டர் ஒன்று கூட வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம், வருடத்தில் ஒரு தடவை நெடுந்தூரம் போவதற்காகப் பேட்டரியை இரண்டு மடங்காக்குவதை விட மலிவு. பெட்ரோல் ஜெனரேட்டரை அறைக்குள் வைத்து ஓட்டவே கூடாது, புகை ஆளைக் கொல்லும், பெட்ரோல் ஆவி அடியில் தேங்கும். மேல்தளத்தில், காற்றுக்குக் கீழ்ப்பக்கம்.

பவானிசாகரில் பரிசலுக்கு ஒன்று மாட்டித் தருவீர்களா?

மாட்டினால் பரிசல் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றும். வேண்டாமுங்க.

பட்டறைக்கு வந்து பார்க்கலாமா?

வாங்க, ஞாயிறு தவிர. வரும்போது நாலு விஷயம் எழுதிக்கொண்டு வாருங்கள்: தண்ணீரைத் தொடுகிற நீளம், படகின் எடை, புரொப்பெல்லர் சுற்ற இருக்கிற இடம், பாய் இல்லாமல் மோட்டாரில் மட்டும் ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் போனீர்கள் என்பது. நாலாவதைப் பலரும் ஊகித்துச் சொல்கிறார்கள், இரண்டு மாதம் போனில் ஜி.பி.எஸ். போட்டுக் குறித்துக்கொண்டு வந்தால் பேட்டரியில் பத்து இருபதாயிரம் குறையும். அந்த 9 அங்குலப் புரொப்பெல்லர் என் மேஜை மேலேதான் இருக்கிறது, ஃபேன் காற்றில் பில் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். யாருக்காவது ஆகுமென்றால் எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம்.